பொட்டி தட்டலாம் வாங்க - 7: க்யூவுல நிக்கிற அதே ஆளு



இங்க யுனிவர்சிட்டி லேப்ல ஜூனியர் பசங்களுக்கு ஜாவா சொல்லிக் குடுக்குறது நம்ம பகுதிநேரப் பொழப்பு. இந்த வாரம் வந்த கேள்வி முக்கால்வாசி ஒண்ணுதான்: "கன்சோல்ல திரும்பத் திரும்ப எண் கேக்குற ப்ரோக்ராம். என் பொட்டியில ஓடுது, தானா திருத்துற மென்பொருள் மட்டும் சைபர் போடுது. ஏன்?" மார்க் விஷயம், சிரிக்காம படிங்க :-)

முதல்ல ஒண்ணு மண்டையில ஏறணும். எண்ணை அடிச்சு எண்டர் தட்டினா, அந்த எண்டரும் ஒரு எழுத்தா ஒட்டிக்கிட்டே போகும். 2004-ல ஜாவா 5-ஓட வந்த ஸ்கேனர்ல, நெக்ஸ்ட்இன்ட் எண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு எண்டரை அங்கேயே விட்டுரும். அடுத்து பேரு கேக்க நெக்ஸ்ட்லைன் போட்டா, மிச்சம் கிடந்த எண்டரை எடுத்து வெத்து வரியைக் குடுக்கும். "பேர் அடிக்கவே விடமாட்டேங்குது"ன்னு பசங்க புலம்புறது இதுக்குத்தான்.

ரெண்டாவது, நிக்காத லூப். எண் கேட்ட இடத்துல யாரோ "பத்து"ன்னு எழுத்துல அடிக்கிறாங்க. இன்புட்மிஸ்மேட்ச்எக்செப்ஷன் வருது, பிடிச்சு மறுபடி கேக்குறோம். ஆனா ஸ்கேனர் அந்த "பத்து"வை எடுக்கவே இல்லையே! ரேஷன் கடையில கார்டு சரியில்லன்னு சொல்லிட்டு ஆளை க்யூவை விட்டு அனுப்பாத கதை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் முன்னாடி நிக்கிறது அதே ஆளுதான். திரை பூரா "எண் மட்டும் கொடுக்கவும்" ஓடிக்கிட்டே இருக்கும்.

மார்க்கைத் தின்னுறது மூணாவது: ஒவ்வொரு தடவையும் புது ஸ்கேனர் போடுறது. நாம அடிக்கும்போது வரி ஒண்ணொண்ணா வர்றதால ஓடிரும். திருத்துற மென்பொருளோ எல்லா வரியையும் மொத்தமா கொட்டும். முதல் ஸ்கேனர் ஒரு குடம் மொண்டு, ஒரு டம்ளர் குடிச்சிட்டு, குடத்தோட போயிரும். அடுத்த ஸ்கேனர் வந்தா குழாய்ல தண்ணி இல்ல: நோசச்எலிமென்ட்எக்செப்ஷன். லூப்புக்குள்ள க்ளோஸ் பண்ணாலும் அதே கதி, சிஸ்டம்.இன்னும் சேர்ந்து மூடிக்கும்.

அப்ப என்ன பண்ணலாம்? ஸ்கேனர் ஒண்ணே ஒண்ணு, லூப்புக்கு வெளிய. உள்ள ஹேஸ்நெக்ஸ்ட்லைன்ல வரி இருக்கான்னு பாத்து, நெக்ஸ்ட்லைன்ல முழு வரியா வாங்கி, ட்ரிம் பண்ணி, இன்டிஜர்.பார்ஸ்இன்ட்ல எண்ணா மாத்துங்க. தப்பா இருந்தா நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன் வரும். வரட்டுமே! அந்த வரி ஏற்கனவே க்யூவை விட்டு வந்தாச்சு, அடுத்து வர்றது புது ஆளு. 2025-ல ஜாவா 25-ல நிலையா சேர்ந்த ஐஓ.ரீட்எல்என் கூட முழு வரியைத்தான் ஸ்ட்ரிங்கா குடுக்குது.

அனுப்புறதுக்கு முன்னாடி, விடைகளை ஒரு ஃபைல்ல வரி வரியா எழுதி, "<" குறி போட்டு ப்ரோக்ராமுக்குள்ள தள்ளிப் பாருங்க. நடுவுல ஒரு "பத்து"வும் இருக்கட்டும். ரெண்டு நிமிஷ வேலை, ஒரு அசைன்மென்ட் தப்பிக்கும்.

வர்ட்டா!