கல்விக் கடனுக்குக் கமிஷன் எதற்கு?

பிளஸ் டூ முடிவு வந்து கலந்தாய்வு தொடங்கியதும் மூலனூர், கன்னிவாடி பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பும்: “ஆள் பிடிக்காமல் பேங்கில் கல்விக் கடன் கிடைக்காது.” ஆள் என்றால் ஏஜென்ட், வாங்கித் தரும் கடனில் நூற்றுக்கு இத்தனை என்று கமிஷன் பேசுகிறவர். இரண்டு விழுக்காடு என்றாலே ஐந்து லட்சத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். இந்தப் பேச்சுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று மட்டும் ஓரளவு நிற்கிறது. மற்றவை விதிகளுக்கு முன்னால் நிற்பதில்லை.

விண்ணப்பம் சிக்கலானது என்பது முதல் காரணம். முன்பு அது உண்மைதான். வங்கிக்கு ஒரு படிவம் இருந்தது. 2015 ஆகஸ்ட் 15இல் வித்யாலட்சுமி இணையதளம் வந்தபின் எல்லா வங்கிக்கும் ஒரே பொது விண்ணப்பம்தான். அதைக் கொண்டே மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. கேட்கப்படுபவை மதிப்பெண் பட்டியல், சேர்க்கை ஆணை, கல்லூரியின் கட்டண விவரம், ஆதார், பான், வருமானச் சான்று போன்றவை. இவற்றில் எதையும் ஏஜென்ட் உண்டாக்கித் தர முடியாது, தரவும் கூடாது. வருமானத்தைக் குறைத்துப் போலிச் சான்று வைத்துக் கடன் வாங்கினால், வழக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் கையெழுத்திட்ட மாணவரும் பெற்றோரும்தான்.

சொத்து ஈடு இல்லாதவருக்கு ஏஜென்ட்தான் வழி என்பது அடுத்தது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். பெற்றோர் இணைக் கடனாளியாகச் சேர்ந்தால் போதும். கடன் திரும்பாமல் போனால் 75 விழுக்காட்டுக்கு அரசின் உத்தரவாத நிதி பொறுப்பேற்கிறது. 4 லட்சம் வரை கைப்பணமாக எதுவும் போட வேண்டியதில்லை. அதற்குமேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடு.

பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்து வாரச் சம்பளம் வாங்குகிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது, முருங்கையும் பருத்தியும் போடுகிற விவசாயிக்கு வருமான வரிக் கணக்கு ஏது என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மாதிரித் திட்டத்தில் இந்த 7.5 லட்ச வரம்புக்குள் கடனுக்கு அடிப்படை, படிப்பு முடித்தபின் மாணவர் ஈட்டப்போகும் வருமானம். வட்டி மானியத்துக்கு வேண்டியது வருவாய்த்துறையின் வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் அதற்குக் கட்டணம் 60 ரூபாய்.

மேனேஜருக்கு வேண்டியவர் ஏஜென்ட் என்பதுதான் எல்லாவற்றிலும் பலமாக ஒலிக்கும் வாதம். வாராக்கடன் பயத்தில் கிளைகள் தயங்குவதும், மாணவரை அலையவிடுவதும் நடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மனு பிடிக்கவில்லை என்று மேனேஜர் வாய்வார்த்தையில் திருப்பி அனுப்ப முடியாது. மறுப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதலோடு மறுத்து, காரணத்தை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மாதிரித் திட்டம். “உங்கள் ஊர் எங்கள் கிளை எல்லைக்குள் வராது” என்று சொல்லி மறுக்கக் கூடாதென ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவருக்குத் தடை உண்மையானது. திட்டம் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தத் தடையை ஏஜென்ட்டாலும் நீக்க முடியாது. பல நேரம் அவர் செய்வது, வட்டி கூடுதலான தனியார் நிதி நிறுவனத்துக்குத் தள்ளிவிடுவது.

அப்படித் தள்ளப்பட்டால் இழப்பு பெரிது. 2009-10 முதல் நடக்கும் மத்திய அரசின் வட்டி மானியத்தில், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்து மாணவருக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் சேரும் வட்டியை அரசே கட்டுகிறது. இது வங்கிகளின் மாதிரித் திட்டக் கடனுக்கு மட்டும். அதிலும் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மட்டும். “மானியம் வாங்கித் தருகிறேன்” என்கிற ஏஜென்ட்டுக்கு இங்கே வேலையே இல்லை: வருமானச் சான்றைக் கிளையில் கொடுத்தால், கடன் தந்த வங்கிதான் கனரா வங்கி வழியாகக் கோரிப் பெறுகிறது. 2024 நவம்பர் 6இல் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டமோ, தேர்ந்த உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கும், 8 லட்சத்துக்குள் வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது.

ஓரளவு நிற்கும் காரணம், கூலி. வங்கிக்கு ஒரு நாள், தாராபுரம் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் என்று லீவு போட்டால் அந்த வாரச் சம்பளம் அடிபடும். ஆகவே படிவம் நிரப்ப, ஸ்கேன் செய்ய, பதிவேற்ற ஒருவருக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. அது செய்த வேலைக்கான கூலி; கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே தொகை. கடன் தொகையில் பங்கு கேட்பது வேறு. முன்பணம், மாணவரின் பாஸ்வேர்ட், ஓடிபி, ஏஜென்ட்டின் செல்பேசி எண்ணிலேயே பதிவு என்று போனால், வங்கி அனுப்பும் செய்தி மாணவருக்கு வந்து சேராது. அமெரிக்காவிலும் இதே கதை: அரசின் இலவசப் படிவங்களை நிரப்பித் தருவதாக மாணவர் கடனாளிகளிடம் முன்பணம் வாங்கிய நிறுவனங்கள்மீது அந்நாட்டு வணிக ஆணையமும் மாநிலங்களும் 2017 அக்டோபரில் ஒருசேர நடவடிக்கை அறிவித்தன.

வங்கி மறுத்தாலோ இழுத்தடித்தாலோ முதலில் அந்த வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.