தெருக் கணக்கு

எலெக்‌ஷன் வந்தால் எங்க ஊர் டீக்கடையில் எல்லாருமே ஆடிட்டர்கள்! ‘இந்தத் தெரு நம்மாளுக, அந்தத் தெரு அவனுக...’ என்று கூட்டிக் கழித்து ரிசல்ட்டே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கணக்குப்படி 1967-ல் விருதுநகரில் காமராஜர் தோற்றிருக்கவே கூடாது சார். பிறந்த ஊர், சொந்த சமூகத்தார் கடை விரித்த பஜார். ஜெயித்ததோ தி.மு.க. மாணவர் தலைவர் சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டு. அரிசித் தட்டுப்பாடும் இந்திப் பிரச்னையும் சாதி கேட்டா வீட்டுக்குள் நுழைந்தன?

2024-ல் மாணிக்கம் தாகூர் இங்கே விஜய பிரபாகரனை முந்தியது 4,379 ஓட்டில். பார்லிமெண்ட் தொகுதிக்கு அது நாலைந்து பூத்து சமாச்சாரம்!

ஓட்டுப்போடும் நாளில் சம்பளத்தோடு லீவு என்று 1996-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனால், சிவகாசியில் செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற அக்காவுக்கு அன்றைக்கு எதை எண்ணிக் கொடுப்பது? இதை மட்டும் எந்த டீக்கடை ஆடிட்டரும் கூட்டிப் பார்ப்பதில்லை.