ஒத்துப்போவதை நோட்ஸில் படித்தால் போதுமா?

சமூக உளவியல் படிக்கிற எல்லாருக்கும் சொலமன் ஆஷைத் தெரியும். 1951இல் அவர் செய்த பரிசோதனை சின்ன விஷயம்தான். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கிற மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். சரியான விடை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ஆனால் முதலே சொல்லிவைத்திருந்த ஆட்கள் எல்லாரும் ஒரே பிழையான விடையைச் சொன்னபோது, பரிசோதனைக்கு வந்தவர்களும் சராசரியாக மூன்றில் ஒரு தடவை அந்தப் பிழையோடயே சேர்ந்துகொண்டார்கள்.

இதை நாங்கள் கொப்பியில் எழுதி, அடிக்கோடிட்டு, பரீட்சைக்குப் பாடமாக்குகிறோம். விரிவுரை முடிய "எல்லாருக்கும் விளங்கினதா?" என்று கேட்டால் மண்டபமே "ஓம்" என்கிறது. வெளியே வந்த பிறகுதான் "உனக்கு விளங்கினதா?" என்று ஆளையாள் கேட்கிறோம். ஆஷ் கண்டது எங்களுக்கு நடுவிலேயே நடக்குது. அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

கதைக்க வைப்பதற்குப் பெரிய செலவில்லை. அதே கேள்விக்கு முதலில் கையை உயர்த்தச் சொல்லலாம். பிறகு பெயர் போடாத துண்டில் ஓம், இல்லை என்று எழுதி வாங்கி, இரண்டு எண்ணிக்கையையும் பலகையில் போடலாம். ஆஷும் விடையைத் தனியாக எழுதக் கொடுத்தபோது ஒத்துப்போவது நல்லாக் குறைந்ததைக் கண்டார்.

தப்பெண்ணம் பற்றிய பாடத்துக்கு இப்படியான செயற்பாடு இன்னும் தேவை. 1971இல் டெக்சாஸின் ஒஸ்டின் நகரப் பாடசாலைகளில் வெள்ளை, கறுப்பின, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து, சண்டையும் வந்தபோது, எலியட் அரன்சன் 'ஜிக்சோ' முறையைக் கொண்டுவந்தார். பிள்ளைகளைக் கலந்து சிறு குழுக்களாக்கி, பாடத்தின் ஒவ்வொரு பகுதியை ஒவ்வொருவரிடம் கொடுத்தார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்காவிட்டால் பாடம் முழுமையாகாது. எங்கட மண்டபத்திலும் யாழ்ப்பாணம், மலையகம், மட்டக்களப்பு, முஸ்லிம் மாணவர்கள் என்று தனித்தனி வரிசையாகத்தான் இருக்கிறோம். அந்த வரிசையைக் கலைக்காமலே தப்பெண்ணத்துக்கு வரைவிலக்கணம் எழுதுகிறோம்.

இருநூறு பேருக்கு இதெல்லாம் சரிவராது, சிலபஸ் முடியாது என்பார்கள். ஒவ்வொரு கிழமையும் கேட்கவில்லை. செமஸ்டருக்கு இரண்டு விரிவுரை போதும். ஆனால் யாரையும் மற்றவர்களுக்கு முன்னால் கூனிக்குறுக வைக்கிற செயற்பாடு வேண்டாம். விருப்பமில்லாதவர் விலகி இருக்கட்டும். முடிந்ததும் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கட்டாயம் கதைக்க வேண்டும்.

விரிவுரையாளர் தொடங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த குழு ஒப்படை வரும்போது, வழமையான கூட்டாளிகளை விட்டு, மற்ற வரிசையில் இருக்கிற ஒருவரோடு சேர்ந்து பாருங்கள்.