பதினெட்டு முடிந்த பிறகும் பல் வலிக்கும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடியிலிருந்து எழுதுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. அதை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. மனு கொடுத்தால் ரசீது வருகிறது, வேறெதுவும் வருவதில்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத இளைஞனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையானால் என்ன ஆகிறது என்பதை மட்டும் பாருங்கள். வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியாது. தாடையில் அறைந்துகொள்வான், கையைக் கடிப்பான், சோற்றைத் தள்ளுவான், இரவெல்லாம் விழித்திருப்பான். வாயைத் திறந்து பார்க்க ஆளில்லாத இடத்தில் இதெல்லாம் ஆட்டிசத்தின் முரட்டுத்தனம் என்று பதிவாகிறது. மனநல மருந்தின் அளவு கூடுகிறது. அந்த மருந்துகளில் பல வாயை உலர்த்துபவை. உமிழ்நீர் வற்றிய வாயில் சொத்தை இன்னும் வேகமாகப் பரவும். இது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய என்னும் குழந்தைகள் நலத் திட்டம் ஆட்டிசத்தையும் பல்சொத்தையையும் ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பல் மருத்துவரும் வேண்டும் என்கிறது. ஆனால் அது பதினெட்டு வயது வரைக்கும்தான். அதற்கு மறுநாள் ஆட்டிசம் தீர்ந்துவிடும் என்று எந்த அதிகாரி கணக்குப் போட்டாரோ!

அவன் நாற்காலியில் உட்கார மாட்டானே என்பீர்கள். இயந்திரத்தின் இரைச்சலும் கண்ணில் அடிக்கும் விளக்கும் வாய்க்குள் நுழையும் உறையணிந்த விரலும் அவனுக்குத் தாங்காதவைதான். அதற்கும் வழி உண்டு. முன்கூட்டியே படம் காட்டலாம், கூட்டமில்லாத வேளையில் வரச் சொல்லலாம், ஒவ்வொரு முறையும் அதே மருத்துவர் பார்க்கலாம். முதல் நாள் ஏறி உட்கார்ந்து இறங்கினாலே போதும். அப்படியும் முடியாதவர்களுக்கு முழு மயக்கம் கொடுத்து, எல்லாப் பல்லையும் ஒரே அமர்வில் சரிசெய்யலாம். மயக்கம் ஆபத்து என்ற தயக்கம் நியாயமானது. அதனால்தான் அதை ஏதோ ஒரு தனியார் கிளினிக்கில் அல்லாமல் மயக்க மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் செய்யச் சொல்கிறோம். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளோ சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும். ரயில் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்பவனை அத்தனை தூரம் கொண்டுபோகச் சொல்வதும் சிகிச்சையில்லை என்று சொல்வதும் ஒன்றுதான். பெற்றோர் ஒழுங்காகப் பல் துலக்கிவிடட்டும் என்ற அறிவுரையையும் கேட்டாயிற்று. பிரஷ் பட்டாலே அலறுபவனுக்கு எப்படித் துலக்குவது என்று சொல்லித்தரவாவது ஓர் ஆள் வேண்டாமா?

சிலருக்காக இவ்வளவா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மாவட்டத்து மக்களின் பல்லையும் எலும்பையும் ஃபுளோரைடு கெடுக்கிறது என்று சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013இல் திறந்துவைத்த அரசு இது. காவிரியையே மேட்டுக்கு ஏற்றியவர்களுக்கு தருமபுரி மருத்துவக் கல்லூரியில் மாதத்தில் ஒரு நாள் ஓர் ஆபரேஷன் தியேட்டரை ஒதுக்குவது அவ்வளவு பெரிய பாரமா? எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள். கூலியை விட்டுவிட்டு வந்து காத்திருப்பது பெற்றோருக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
பொம்மிடிவாசி ஒருவர்