பாட்டிமாரின் வரலாற்றை யார் எழுதுவது?



பள்ளி ஆண்டு மலர் என்றதும் தலைவர்களைப் பற்றியும் அறிஞர்களைப் பற்றியும் எழுதுவது நம் வழக்கம். அது வேண்டியதே. ஆயினும் இம்முறை எந்த மலரிலும் இடம்பெறாத ஒருவரைப் பற்றி எழுத விழைகின்றேன். அவர் என் தந்தையைப் பெற்ற பாட்டி. பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்து மறைந்தவர். கெடிஸ், ஜெராம் பாடாங், செயின்ட் ஹெலியர் என்று நம்மைச் சூழ்ந்த தோட்டங்களில் அவரைப் போன்றோர் எத்தனையோ பேர் இருந்தனர்.

பாட்டி 1936-ஆம் ஆண்டில், பத்து வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் கப்பலேறி வந்தார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1938-இல், தொழிலாளரை உதவியளித்து மலாயாவுக்கு அனுப்பும் முறையை இந்திய அரசு தடை செய்தது. கங்காணிகள் ஆள் திரட்டிய காலம் அத்தோடு முடிந்தது. 1920களின் பிற்பகுதியில் பல பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஆணுக்குச் சமமாய் நிரை வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்த பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு! ஏனென்று கேட்பாரில்லை.

பின்னர் ஜப்பானியர் வந்தனர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் நீளச் சயாம் - பர்மா இரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவராகக் கொண்டு செல்லப்பட்டனர். பகாவ் நிலையம் அமைந்துள்ள கிழக்குக் கரை இருப்புப் பாதையின் நீண்டதொரு பகுதியைப் பெயர்த்து, அத்தண்டவாளங்களையும் அங்கே கொண்டு போயினர். தண்டவாளம் போன வழியில் என் பாட்டனாரும் போனார். திரும்பவில்லை.

அதே காலத்தில் நம் பகாவ் மண்ணும் மனித உயிர்களை வாங்கிற்று. சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, ஆயர் தெவால்ஸ் தலைமையில் இங்குக் குடியேற்றப்பட்டன. மலேரியாவினாலும் பட்டினியாலும் அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆயரும் 1945-இல் உயிர் நீத்தார். அவர்களைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டுள்ளன. மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று, கைக்குழந்தையைக் காத்த தோட்டத்துப் பெண்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

பாட்டனார் இறந்ததாக எந்தச் செய்தியும் வரவில்லை. வரவில்லை என்பதற்காகவே பாட்டி தாலியைக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுவார். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் முதல் அடுப்பை மூட்டுபவர் அவரே. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் திதி கொடுக்கலாமென்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தனர். "போன ஆளு வழியில இருக்கு, அதுக்குள்ள எள்ளுந் தண்ணியும் விடச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். இதனை அறியாமை என்று இளமையில் நான் நினைத்ததுண்டு. இன்று அவ்வாறு நினைப்பதற்கில்லை. அந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டல்லவா அவர் நாள்தோறும் நான்கு மணிக்கு எழுந்தார்! பெற்றது ஒரு பிள்ளையே. ஆயினும் தாய் தந்தையரை இழந்த பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இருவரையும் சேர்த்து மூவரை வளர்த்தார்.

இனி அவருடைய விருந்தோம்பலுக்கு வருகின்றேன். மாலையில் உலை வைக்கும்போது, வீட்டாருக்கு அளந்த அரிசிக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போடுவார். யார் வருவார்கள் என்பது அவருக்கும் தெரியாது. மிதிவண்டியில் துணி விற்க வருபவர், வேறு தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்தவர், சட்டி பானை இல்லாமல் புதிதாய்க் குடிவந்த குடும்பம், சில நாள்களில் பள்ளி ஆசிரியர் - எவராயினும் சோறு உண்டு. ஒருவரும் வரவில்லையென்றால் அந்தப் பிடி மறுநாள் நீராகாரமாகும்.

இத்தகைய பாட்டிமாரை "அன்னலட்சுமி" என்று மேடைகளில் புகழ்கின்றார்கள். அப்புகழ்ச்சி எனக்கு முழுமையாக உடன்பாடன்று. கறி எல்லார்க்கும் போதாத நாள்களில் கடைசியாக உண்பவர் பாட்டியே. பல நாள் அவருக்கு எஞ்சியது உப்பும் கஞ்சியுமே என்பதைப் பின்கட்டிலிருந்து பார்த்தவன் நான். விருந்தோம்பலைப் புகழும் நாம், அதற்காக யாருடைய வயிறு காய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? மேலும் அது தருமம் மட்டுமன்று. பிணியென்றாலும் பேறுகாலமென்றாலும் லயத்து மக்களுக்கு லயத்து மக்களே துணை. இன்று நான் ஊற்றினால் நாளை எனக்கு ஊற்றுவார்கள் என்பது அவர்கள் எழுதாமற் செய்துகொண்ட உடன்படிக்கை.

மெர்டேக்கா 1957-இல் வந்தது. விண்ணப்பித்தவர்கள் குடியுரிமை பெற்றார்கள். படிப்பறியாத பாட்டிக்குப் பாரம் நிரப்பவும் ஆளில்லை, அதன் முக்கியத்தைச் சொல்லவும் ஆளில்லை. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அதன் பொருள் புரிந்தது. குடிமகனல்லாதவருக்கு வேலை செய்யப் பெர்மிட் தேவையாயிற்று. ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டிக் கப்பலேறின. "அங்க எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுப் பாட்டி இங்கேயே இருந்தார். பெர்மிட் பெற்று வெட்டினார். வயதானபின் ஆயாக் கொட்டகையில் பிறர் பிள்ளைகளுக்குத் தூளி ஆட்டினார். வந்தவர்க்கெல்லாம் பாய் விரித்தவரை இந்நாட்டு ஏடு கடைசிவரை சிவப்பு அட்டைக்காரராகவே எழுதி வைத்திருந்தது. அறுபது வயதைக் கடந்த சிவப்பு அட்டைக்கார இந்தியர் 3,000-க்கும் மேற்பட்டோருக்குக் குடியுரிமை வழங்குவதாக அரசாங்கம் 2018-இல் அறிவித்தது. அச்செய்தியைக் கேட்கப் பாட்டி இல்லை.

ஆகவே, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் முதியவர் இருப்பின், அவர்தம் பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, பெர்மிட், கப்பல் காகிதம் என எது கிடைப்பினும் எறிந்துவிடாதீர்கள். யாருடைய அட்டையேனும் இன்னும் சிவப்பாக இருந்தால், விவரமறிந்தவரை உடன் அழைத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குச் சென்று கேளுங்கள். வெட்கம் வேண்டா.

மாணவச் செல்வங்களே! அடுத்த மலருக்குக் கட்டுரை எழுத ஆசிரியர் கேட்கும்போது, "எனக்குப் பிடித்த தலைவர்" என்று தொடங்குமுன் பாட்டியிடம் சென்று அமருங்கள். எந்த ஊரிலிருந்து யாருடன் வந்தார், முதற் சம்பளம் எவ்வளவு, எத்தனை மரம் வெட்டினார், யார் யார் பிள்ளைகளை வளர்த்தார் என்று கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குடா இப்ப?" என்று முதலில் தட்டிக் கழிப்பார். சாப்பிட்டாயா என்று உங்களைத்தான் திருப்பிக் கேட்பார். சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் கேளுங்கள்.