லேபிளைக் கிழிக்காதீர்கள்



சம்பா தூர்கட்டும் நேரம் இது. இலைச்சுருட்டுப்புழுவும் குருத்துப்பூச்சியும் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் காலை வேளையில் மருந்து வாடைதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். போன தடவை அடித்து மிச்சமான மருந்து பாட்டில் இப்போது உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? மாட்டுக்கொட்டகை எரவாணத்திலா, நெல் மூட்டை அடுக்கிய அறையிலா, மாடிப்படிக்குக் கீழேயா? அதில் லேபிள் ஒட்டியிருக்கிறதா? லேபிளில் என்ன நிறம் இருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா?

பல வீடுகளில் கடைசிக் கேள்விக்குப் பதில் வராது. ஏக்கருக்கு எத்தனை மில்லி, டேங்குக்கு எத்தனை மூடி என்பதெல்லாம் அத்துப்படி. நிறத்தை மட்டும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

லேபிளில் ஒரு மூலையை ஊன்றி நிற்கிற மாதிரி ஒரு சதுரம் இருக்கும். அதன் மேல்பாதியில் எச்சரிக்கை, கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. மேலே மண்டை ஓடும் எலும்பும் போட்டிருப்பார்கள். அதற்கு அடுத்த வேகம் மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சைதானே என்று வெறுங்கையால் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சையும் நஞ்சுதான். வேகம் குறைவு, அவ்வளவுதான்.

இந்தச் சதுரம் நம் பாட்டில்களுக்கு வந்த கதை வேதனையானது. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் கோதுமை மாவும் சர்க்கரையும் சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த உணவுப் பொருட்கள் வந்த கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் கூடவே ஏற்றப்பட்டிருந்தது. வழியில் அது கசிந்து மூட்டைகளில் இறங்கியிருக்கிறது. நம்மூர்ப் பெரியவர்கள் ‘பாலிடால்’ என்பார்களே, அதே மருந்துதான்.

நீதிபதி ஜே.சி.ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். 1971-இல் விதிகள் வந்தன. லேபிள், நிறம், முறிமருந்து விவரம் எல்லாம் அந்த விதிகளில் இருக்கின்றன. உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் ஒட்டி உரச இந்த மருந்துகளை ஏற்றக்கூடாது, வைக்கக்கூடாது என்பதும் அதே விதிதான். ஆனால் டவுனிலிருந்து கிளம்பும் மினி பஸ்ஸில் பாருங்கள். ஒரே கட்டைப்பையில் மளிகைச் சாமானும் மருந்து பாட்டிலும் சேர்ந்தே ஊருக்கு வருகின்றன. மூடி லேசாகக் கழன்றால் என்ன ஆகும்?

நாகை சாலையில் பெட்ரோல் டேங்கர் போகும்போது கவனித்திருக்கிறீர்களா? பின்னாலும் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் 1203 என்று ஓர் எண் இருக்கும். சமையல் கேஸ் டேங்கர் என்றால் 1075. உலகம் முழுக்க அந்தப் பொருளுக்கு அதுதான் எண். வண்டி கவிழ்ந்தால் தீயணைப்பு வீரர் தூரத்தில் நின்றே உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளலாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இது கட்டாயம்.

சாலையில் போகிற வண்டிக்கு இருக்கிற அந்த அக்கறை, வீட்டுக்குள் வருகிற பாட்டிலுக்குப் போதவில்லை என்பதே என் குறை. உள்ளே வைக்கும் துண்டுத்தாளில் மாநில மொழியும் இருக்க வேண்டும் என்கிறது விதி. இருக்கிறது. எட்டாக மடித்து, பொடி எழுத்தில், நாற்பது வயதைத் தாண்டியவர் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாதபடி இருக்கிறது. வயலில் ஈரக் கையோடு நிற்பவர் அதைப் பிரித்துப் படிப்பாரா? பேரை மட்டும் கொட்டை எழுத்தில் போடும் கம்பெனிகள், முறிமருந்து வரியையும் அதே அளவில் தமிழில் பாட்டில் மேலேயே போட வேண்டும். வேளாண்மைத் துறை இதை வற்புறுத்த வேண்டும்.

அது நடக்கும்போது நடக்கட்டும். நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

சில்லறையாக ஊற்றித் தரும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. “அரை ஏக்கர்தாண்ணே, எதுக்கு முழு பாட்டிலு?” என்று கேட்டு, தண்ணீர் பாட்டிலிலோ குவார்ட்டர் பாட்டிலிலோ வாங்கி வருகிறோம். அந்த நிமிடமே அதன் பேரும் நிறமும் போய்விட்டன. உச்சிவெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது வெறும் தண்ணீர் பாட்டில். உங்களுக்குத் தேவை கால் லிட்டர் என்றால், கால் லிட்டரில் சீல் வைத்த பாட்டில் வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து முழு பாட்டிலாக வாங்குங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள்.

காலி டப்பாவுக்கும் இதே கதைதான். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. நம் டெல்டாவிலும் நிறைய அடித்த மருந்துதான் அது. மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெய் வந்ததாகச் சொன்னார்கள். ஐந்து லிட்டர் கேன் நன்றாக இருக்கிறதே, கழுவி மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். கழுவிய தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவை உடைத்து, வீடு வாசலுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளிப் புதையுங்கள். உடைத்துப் புதைப்பது விதியிலேயே இருக்கிறது.

எலிக்கு வைக்கும் மருந்தும் இந்தக் கணக்கில்தான் வரும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வயல் எலிக்கு நம்மூர் மூங்கில் கிட்டி இருக்கிறது. அது இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கு விஷம்?

எனக்கு அதிகமாகக் கவலை தருவது கூலிக்கு மருந்து அடிக்க வருகிறவர்களின் நிலைதான். மருந்து வாங்குவது நிலத்துக்காரர். பாட்டில் அவர் வண்டியில். கலக்கி ஊற்றிய டேங்க் மட்டும் கூலிக்காரர் முதுகில். மூன்று வயலில் மூன்று மருந்து அடித்துவிட்டு வீடு திரும்புகிறார். ராத்திரி ஏழு மணிக்கு வாந்தி, எச்சில் ஒழுகுகிறது, கண் இருட்டுகிறது. மனைவி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: “என்ன மருந்து?” அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

பாஸ்பரஸ் வகை மருந்துகளுக்கு அட்ரோபின் கொடுப்பார்கள். வேறு வகைக்கு வேறு வைத்தியம். லேபிள் கையில் இருந்தால் டாக்டருக்கு யோசிக்கும் நேரம் மிச்சமாகும்; அந்த நேரம் உயிருக்குச் சமம்.

ஆகவே நிலம் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்து வாங்கியதும் லேபிளை போனில் போட்டோ எடுங்கள். அடிக்கப் போகிறவருக்கும் அவர் வீட்டாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கையுறையும் முகக்கவசமும் உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். கூலி கொடுக்கிற நமக்கு இது கடமை.

வீட்டில் இருக்கும் பாட்டில்களை இன்றைக்கே ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். லேபிள் இல்லாததைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம். வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்லி, என்ன செய்வதென்று கேளுங்கள்.

யாருக்காவது மயக்கமோ வாந்தியோ வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். தில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்