பொறுத்துக்கொள்ள வேண்டியவர் யார்?

பிறரால் நேரும் சிறு தொல்லைகளைப் பற்றி வாய் திறப்பவன் பெருந்தன்மை இல்லாதவன் என்ற அபிப்பிராயம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் சினிமாப் பாட்டை ஊருக்கே கேட்கும்படி வைத்தாலும், முன்னே வழியில்லை என்று கண்ணால் கண்டும் பின்னால் நிற்பவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாலும், தெருமுனை ஒலிபெருக்கி நள்ளிரவு வரை முழங்கினாலும், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார், இதெல்லாம் ஒரு விஷயமா?" என்ற உபதேசம் தொல்லைப்பட்டவருக்கே கிடைக்கிறது. சுற்றி நிற்பவர்களும் அதை ஆமோதிக்கிறார்கள். இந்த அபிப்பிராயம் அடியோடு தவறு என்பதே என் கட்சி. அதை நிரூபிக்கச் சப்தம் ஒன்றே போதும்.

பங்குனி மாதத்தில் திருவிழா நடக்கும் ஒரு தெருவைப் பாருங்கள். காப்புக் கட்டிய அன்றே மைக் செட்டுக்காரர் வந்து, மின்கம்பத்தில் கூம்புக் குழாய்களைக் கட்டிவிடுகிறார். அவற்றுள் ஒன்று ஒரு மாடி வீட்டு ஜன்னலுக்கு நேராக வாய் பிளந்து நிற்கிறது. விடியுமுன்பே பக்திப் பாடல் தொடங்குகிறது. நடுநடுவே உபயதாரர்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. இரவானால் பாட்டுக் கச்சேரி. அந்த ஜன்னலுக்கு உள்ளே, மறுநாள் பொதுத்தேர்வு எழுத வேண்டிய பெண் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு புஸ்தகத்தின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள்; இருதய நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்து அன்றுதான் வீடு திரும்பிய அவளுடைய தாத்தா, ஒவ்வொரு மேள அதிர்வுக்கும் கட்டிலில் திடுக்கிட்டு விழிக்கிறார். விழாக் கமிட்டியினர் நன்கொடை ரசீதுடன் அந்தக் கதவைத் தட்டினார்களேயன்றி, உள்ளே நோயாளி யாரேனும் உண்டா என்று கேட்பதற்காகத் தட்டவில்லை.

"நாலு நாள் கூத்துதானே" என்பது இதற்குச் சொல்லப்படும் முதல் சமாதானம். தெருக்கோயில் விழா முடிந்தால் கட்சிப் பொதுக்கூட்டம், அது ஓய்ந்தால் காதுகுத்து, பிறகு கல்யாண ஊர்வலம் என்று ஒவ்வொருவரும் தத்தம் நாலு நாளை மட்டுமே எண்ணுகிறார்கள். அத்தனை நாட்களையும் சேர்த்துச் சுமப்பவர் அந்த ஜன்னலுக்குள் இருப்பவர். தொல்லையின் அளவும் அற்பமன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. கூம்புக் குழாயின் அருகில் ஒலி 100 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். டெசிபல் கணக்கில் பத்து ஏறினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது. ஆகவே 55-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் இரு மடங்கன்று, முப்பதாயிரம் மடங்குக்கும் மேல்.

பக்தியையும் சம்பிரதாயத்தையும் முன்னிறுத்துவது இரண்டாவது சமாதானம். நம் ஆலயங்களில் உற்சவங்கள் பல நூற்றாண்டுகளாக நடந்து வருகின்றன; மின்சார ஒலிபெருக்கியோ இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த யந்திரம். அது இல்லாமலேயே தேர் ஓடியது, தீமிதி நடந்தது, அடியார்கள் மெய்ம்மறந்து பாடினார்கள். எனவே ஒலிபெருக்கியை அணைத்தால் பக்தி அணைந்துவிடும் என்பது நம் முன்னோரின் பக்தியையே நிந்திப்பதாகும். சென்னைக் குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கம் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் மீது தொடுத்த வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. பேசும் உரிமை உடையவருக்கும், கேட்க விரும்பாதவரைக் கேட்கும்படி நிர்ப்பந்திக்கும் உரிமை கிடையாது என்று 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதை மேலும் தெளிவாக்கியது. இந்த நியாயம் கோயில், மசூதி, மாதா கோயில், கட்சி மேடை அனைத்துக்கும் பொது.

மூன்றாவது சமாதானம் சகிப்புத்தன்மை. மூன்றிலும் அபாயகரமானது இதுவே, ஏனெனில் ஓர் உத்தம குணத்தின் பெயரால் இது அநியாயத்துக்குத் துணை போகிறது. சகிப்பு என்பது துன்பப்படுகிறவர் தாமாக மனமுவந்து அளிக்கும் கொடை. துன்பம் தருகிறவர் அதைத் தமக்குச் சேர வேண்டிய பாக்கியைப் போல் வசூலிக்கப் புகும்போது, அங்கே இருப்பது பலாத்காரமேயன்றிச் சகிப்பு அன்று. இரு தரப்பாரில் யாருக்குச் சிரமம் குறைவு என்று பார்த்தாலும் நியாயம் தெளிவாகிவிடும்: ஒருவர் ஒரு திருகைச் சிறிது திருப்பினால் போதும், மற்றவரோ தூக்கத்தையும் படிப்பையும் தேக சௌக்கியத்தையும் இழக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. சமய, கலாசார விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்த மட்டுமே மாநில அரசுக்கு அதிகாரம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக்க இடமுண்டு. இரவு 10 மணிக்குப் பிறகு ரயில் பெட்டிகளில் உரக்கப் பாட்டு வைப்பதையும் ரயில்வே தடுத்திருக்கிறது. இவ்வளவும் ஏட்டளவில் நிற்பதற்குக் காரணம், புகார் சொன்னவரையே குற்றவாளியாகப் பார்க்கும் நம் மனோபாவந்தான். போலீஸ்காரர் வந்து போன பின், "போன் பண்ணது எந்த வீடு?" என்று தெரு விசாரிக்கிறதே, அந்தக் கேள்விக்கு அஞ்சியே நூறு வீடுகள் வாய் மூடிக் கிடக்கின்றன.

மாற வேண்டியது அந்தக் கேள்வி. மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, குழாய் கட்டக்கூடாது, பெட்டிகள் பந்தலுக்குள் பார்த்தபடி இருக்க வேண்டும், பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும் என்று விழாக் கமிட்டியினர் பேசி முடிப்பார்களானால், சாமிக்கும் குறைவில்லை, சனங்களுக்கும் குறைவில்லை. அவர்கள் செய்யாவிட்டால், பாதிக்கப்பட்டவரைத் தனியே விடாமல் அண்டை வீட்டார் நாலு பேர் கூடப் போய்ச் சொல்ல வேண்டும். சிறு தொல்லை என்று ஒன்றைச் சொல்லும் தகுதி, அதை அனுபவிக்கிறவருக்கு மட்டுமே உண்டு, செய்கிறவருக்குக் கிடையாது.